கோழிக்கூட்டுக்குக் கம்பி வேலி: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

முதன்முதலாகக் கோழி வாங்கப் போகிறவர்கள் கூட்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். வேலியை, "ஒரு றோல் வலை வாங்கிச் சுற்றிக் கட்டினால் சரி" என்று கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த வேலைதான் ஆளைப் போட்டு வாட்டுகிறது. விரித்த வலை திரும்பச் சுருண்டுகொள்ளும். வெட்டிய நுனி கையைக் கிழிக்கும். இழுத்துக் கட்டியதும் மூலைத் தூண் உள்ளே சாயும். எல்லாம் முடிந்து நாலு நாளில் கீரி அடியால் புகுந்திருக்கும். வலையைத் திட்டிப் பயனில்லை, வேலையின் ஒழுங்கு பிழைத்ததால் வருகிற தொல்லைகளே இதில் அதிகம். காசையும் நேரத்தையும் மூலைத் தூண்களிலும், நிலத்தை ஒட்டிய கீழ் ஒன்றரை அடியிலும் போடுங்கள். மேலே உள்ள வலை பிறகு சொன்னபடி கேட்கும்.

யார் வருவார்கள் என்று முதலில் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் பகலில் வருவது கீரி, உடும்பு, காகம், பருந்து. இரவில் மரநாய், நரி, பாம்பு, அகழான். தெருநாய்க்கு நேரம் காலம் இல்லை. இவற்றில் கீரியும் நரியும் நாயும் தோண்டும். மரநாய் ஏறும். பாம்பு இடைவெளி தேடும். ஆகவே ஒரே வலையால் எல்லாவற்றையும் தடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பகலில் கோழி உலாவும் முற்றத்துக்கு ஒரு வேலி, இரவில் அடையும் கூட்டுக்கு அதைவிடப் பலமான அடைப்பு. இரண்டையும் வேறு வேறாக நினைத்தால் செலவும் குறையும். இரவுக் கூட்டின் ஜன்னல், காற்று வழி, தரை எல்லாவற்றுக்கும் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த சதுரக் கண் கம்பி வலை) அடியுங்கள். அதில் சமரசம் வேண்டாம். இனி வருவது வெளி வேலி பற்றியது.

கடையில் என்ன கேட்பது

கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைத்தான் எடுத்துத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே வைத்திருக்காது. பெரிய நாய் ஒன்று பல்லால் பிடித்து இழுத்தால் மெல்லிய கம்பி முறுக்கு விட்டுப் பிரிந்துவிடும். அதனால்தான் கீழ்ப்பகுதிக்கு வெல்ட் மெஷ் வேண்டும் என்று சொல்கிறேன்.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். இதைத் தெரியாமல் "பெரிய நம்பர்" கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 16 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர், 22 கேஜ் என்றால் 0.7 மில்லிமீற்றர்தான். மேல் வலைக்கு ஒரு அங்குலக் கண், 20 கேஜ் போதும். கீழ்ப்பகுதி வெல்ட் மெஷ் அரை அங்குலக் கண், 18 அல்லது 19 கேஜ். கடையில் பேச்சு இப்படி இருக்கட்டும்:

"அண்ணை, அரை இஞ்சி வெல்ட் மெஷ், மூன்றடி அகலம், அடிக்கணக்கில வெட்டித் தருவீங்களா?"

"வெட்டலாம் தம்பி. எத்தனை அடி?"

"முதல்ல நுனியை ஒருக்கா விரிச்சுக் காட்டுங்கோ."

விரித்ததும் கம்பிகள் ஒட்டியிருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். பற்றவைத்துப் பொருத்திய பிறகு நாகம் (துத்தநாகம்) பூசியதென்றால் ஒட்டும் இடத்தில் சின்னத் துளியாக நாகம் உறைந்து மினுமினுக்கும். பூசிய கம்பியை எடுத்துப் பிறகு பொருத்தியதென்றால் அதே இடம் கருகின மாதிரிக் கறுப்பாகவோ, இலேசாகப் பழுப்பாகவோ இருக்கும். இரண்டாவது வகை உப்புக் காற்றில் முதலில் அந்த இடத்திலேயே துருப்பிடிக்கும், பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கன்னியா, தம்பலகாமம் பக்கம் என்றால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு என்று கடல் காற்று நேரே அடிக்கும் இடங்களில் காசு கூடினாலும் முதல் வகையை வாங்குங்கள். பிளாஸ்ரிக் உறை போட்ட வலையும் கடற்கரைக்கு நல்லது. ஆனால் வெட்டிய நுனிகளில் உறை இருக்காது. அங்கே துருத்தடுப்புப் பெயின்ற் தொட்டு வைக்காவிட்டால் உறைக்குள்ளேயே துரு ஏறும், வெளியில் தெரியவும் தெரியாது.

கட்டுக்கம்பியும் நாகம் பூசியதாக இருக்கட்டும். கட்டட வேலைக்குப் பாவிக்கும் கறுப்புக் கட்டுக்கம்பி ஒரு மாரி தாண்டுவதே கஷ்டம். வீட்டில் கிடக்கும் பழைய மின்கம்பியின் செம்பை உருவிக் கட்டுவது இன்னும் மோசம். செம்பும் நாகமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் நாகம் வேகமாக அரித்துப் போகும். வலை நன்றாக இருக்க, கட்டின இடம் மட்டும் இற்றுப் போவதற்கு இதுவே காரணம்.

அளவு எடுத்தல்

வெளியில் உலாவ ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கோழிக்கு 12 அடிக்கு 10 அடி முற்றம் சரியாக வரும். சுற்றளவு 44 அடி. நீளப் பக்கத்தில் ஆறடிக்கு ஒரு தூண், அகலப் பக்கத்தில் ஐந்தடிக்கு ஒரு தூண் என்றால் எட்டுத் தூண், படலைக்கு ஒன்று கூட, மொத்தம் ஒன்பது. ஆறடிக்கு மேல் இடைவெளி விட்டால் வலை நடுவில் தொய்யும். எவ்வளவு இழுத்தாலும் தொய்யும்.

வலை இரண்டு துண்டாக வரும். கீழே மூன்றடி அகல வெல்ட் மெஷ்ஷை நடுவில் மடித்து, ஒன்றரை அடி நிமிர்ந்தும் ஒன்றரை அடி வெளிப்பக்கமாக நிலத்தில் படுத்தும் இருக்க வேண்டும். மேலே நாலடி அகலக் கோழி வலை, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் தொடங்கி ஐந்தடி வரை. இரண்டும் அரையடி ஒன்றன்மேல் ஒன்று படியும். சுற்றளவுக்கு மேல் நாலைந்து அடி கூட வாங்குங்கள், மூலைகளில் ஒட்டுப் போட வேண்டிவரும்.

தூண் நடுதல்

எங்கள் மாவட்டத்தில் ஒரு மைலுக்குள்ளேயே மண் மாறும். கரையோரம் மணல், உள்ளே போனால் கல்லுத்தரை, வயல் பக்கம் களி. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம்: ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஓரிரு நாளில் குழி வெட்டுங்கள். காய்ந்த மணலில் குழி வெட்ட வெட்டச் சரியும், நனைந்த மணல் சுவர் போல நிற்கும். காய்ந்த கல்லுத்தரையில் அலவாங்கு துள்ளும், நனைந்தால் கொஞ்சம் இளகும். பெருமழை தொடங்குமுன் தூண் இறுகிவிடும்.

ஐந்தடி வெளியே தெரிய வேண்டுமென்றால் தூண் ஏழடி இருக்க வேண்டும், இரண்டடி மண்ணுக்குள். நடுத் தூண்களைச் சல்லிக்கல்லும் மண்ணும் போட்டு அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் படை படையாக இடித்து இறுக்கினால் போதும். மூலைத் தூண் நாலுக்கும் படலைத் தூண் இரண்டுக்கும் சீமெந்துக் கலவை போடுங்கள். மணல் நிலம் என்றால் இது கட்டாயம். கலவை காய ஒரு கிழமையாவது விட்டுவிட்டுப் பிறகு வலையைத் தொடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே இழுத்தால் கலவைக்குள் தூண் அசைந்து விடும், பிறகு அந்த ஆட்டம் நிற்கவே நிற்காது.

மூலைத் தூணுக்கு முட்டுக்கால் கொடுக்கவேண்டிய திசையில் பலர் குழம்புகிறார்கள். வலை தூணைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே முட்டுக்காலும் வலை போகும் அதே வரிசையில், தூணின் மேல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து சரிந்து இறங்கி, நிலத்தில் ஒரு பெரிய கல்லில் முட்டி நிற்க வேண்டும். மூலையில் இரண்டு பக்கமும் வலை இழுப்பதால் இரண்டு முட்டுக்கால். தூண் உள்ளே சாய்ந்து வேலி முழுவதும் தொய்வதைத் தடுப்பது நாலு மூலைக்கும் சேர்த்து இந்த எட்டு முட்டுக்கால்தான். மூலை ஒன்றைக் கூட்டின் சுவரோடு சேர்த்துக் கட்டினால் அங்கே முட்டு வேண்டாம், ஆறு போதும்.

கதியால் நட்டு வேலி போடலாமா என்று கேட்பார்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் மாரி தொடக்கத்தில் நட்டால் நன்றாகப் பிடிக்கும், நிழலும் தரும். ஆனால் மூலைக்கு அவற்றை நம்பக் கூடாது. வேர் பிடிக்கும்வரை ஆடும், பிடித்த பிறகு பருக்கும். ஆணி அடித்தால் பட்டை ஆணியையும் வலையையும் சேர்த்து விழுங்கிவிடும், பிறகு வலையை மாற்றவே முடியாது. நடுவில் மட்டும் கதியால் வைத்து, கட்டுக்கம்பியால் தளர்வாகக் கட்டி, வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டுக்கம்பியை அவிழ்த்து மாற்றிக் கட்டுங்கள். வெட்டுமரக் கட்டை நடுவதென்றால் கறையானை நினைத்துக்கொள்ளுங்கள், மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசுங்கள்.

இழுவைக் கம்பி

இது இல்லாமல் வலை கட்டுவதே இந்த வேலையின் முக்கால்வாசி எரிச்சலுக்குக் காரணம். தூணிலிருந்து தூணுக்கு மூன்று வரிசையாகத் தடித்த நாகக் கம்பி ஓட வேண்டும்: நிலத்தை ஒட்டி ஒன்று, ஓரடி மூன்று அங்குலத்தில் ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று. 10 அல்லது 12 கேஜ் கம்பி நல்லது. பாரத்தைத் தாங்குவது இந்தக் கம்பி. வலை அதில் தொங்கவேண்டும், அவ்வளவுதான். கம்பியை ஒரு மூலையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, மற்ற மூலையில் இருவர் சேர்ந்து இழுத்துக் கட்டுங்கள். இன்னும் தொய்வு தெரிந்தால் நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டைக் கம்பியில் கொளுவி முறுக்குங்கள். விரலால் தட்டினால் அதிர வேண்டும்.

வலையை விரித்து இழுத்தல்

கண்ணாடி போடுங்கள், தடித்த கையுறை போடுங்கள். றோலைக் கட்டியிருக்கும் கம்பியை அறுத்ததும் நுனி துள்ளி முகத்துக்குத்தான் வரும், கண் போனால் வராது. இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பதினொரு மணிக் கம்பியைக் கையால் பிடிக்க முடியாது.

புதுப் பாய் சுருள்வது போல வலையும் பழைய வளைவுக்கே திரும்பும். முதல் நாள் பின்னேரம், வளைவு நிலத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து விரித்து, இரண்டு நுனியிலும் நடுவிலும் கல் வைத்து விட்டுவிடுங்கள். அடுத்த நாள் முக்கால்வாசி அடங்கியிருக்கும். வெட்டும்போது வெட்டும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துண்டும் இரண்டு பக்கம் சுருண்டு ஓடும்.

வலையைத் தூணின் வெளிப்பக்கத்தில் பிடியுங்கள். நாய் வெளியிலிருந்து தள்ளும்போது வலை தூணில் அழுந்த வேண்டும். உள்பக்கம் கட்டினால் அந்தப் பாரம் முழுவதும் கட்டுக்கம்பியில் விழும்.

முதலில் கீழ் வெல்ட் மெஷ். அது இழுபடாது, அதனால் ஒவ்வொரு இடைவெளிக்கும் நேராகப் பிடித்துக் கட்டிக்கொண்டு போகலாம். நிலம் சரிவென்றால் தூணுக்குத் தூண் தனித்தனித் துண்டாக வெட்டிப் படிப்படியாக இறக்குங்கள். ஒரே துண்டாக வளைக்கப் பார்த்தால் அது முறுகி அலையடிக்கும், எந்தப் பலத்தாலும் அதை நிமிர்த்த முடியாது.

மேல் வலை வேறு மாதிரி. கையால் பிடித்து நடுவில் இழுத்தால் அந்த இடம் மட்டும் நீண்டு, வலையின் அகலம் குறைந்து, மேல் விளிம்பு கீழே இறங்கிவிடும். அதற்குப் பதில் நாலடி நீள இரும்புக் கம்பி ஒன்றை நுனியின் கண்களுக்குள்ளே ஒன்று விட்டு ஒன்றாகக் கோர்த்து எடுங்கள். அந்தக் கம்பியின் இரண்டு நுனியிலும் கயிறு கட்டி இழுத்தால் இழுப்பு அகலம் முழுவதும் ஒரே அளவாகப் பரவும். இழுக்கும்போது ஒருவர் வலையின் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு பக்கமும் ஒரே அளவில் இருந்த கண் நீளப்பட்டு ஒடுங்கத் தொடங்கினால் அதுதான் எல்லை, அதற்கு மேல் இழுக்கக் கூடாது. முதலில் மேல் விளிம்பை எல்லாத் தூணிலும் கட்டுங்கள், பிறகு கீழ், கடைசியாக நடு.

கட்டுவதிலும் ஒரு கை இருக்கிறது. கட்டுக்கம்பியை ஆறு அங்குலத் துண்டுகளாக முன்னமே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். துண்டை நடுவில் மடித்து வலையையும் இழுவைக் கம்பியையும் சேர்த்துக் கொளுவி, குறட்டால் உங்கள் பக்கமாக இழுத்துக்கொண்டே முறுக்குங்கள். இழுக்காமல் முறுக்கினால் முடிச்சு இறுகாது, சும்மா சுற்றும். மூன்று முறுக்கில் கம்பி ஒன்றோடொன்று படிந்து பளபளப்பு மங்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நாலாவது முறுக்கு அதை வெட்டிவிடும். மிச்ச வாலை அரை அங்குலம் விட்டு நறுக்கி, வெளிப்பக்கமாக மடித்து வலைக்குள் செருகுங்கள், கோழியின் கொண்டையும் பிள்ளைகளின் கையும் தப்பும். இரண்டு வலையும் சேரும் அரையடியில் நாலு அங்குலத்துக்கு ஒரு கட்டுப் போடுங்கள். அங்கே தளர்வாக விட்டால் கீரி மூக்கை வைத்து நெம்பி நுழைந்துவிடும்.

நிலத்தில் படுக்கும் பாவாடை

தோண்டும் மிருகம் வேலி நிலத்தைத் தொடும் இடத்தில்தான் தோண்டும். அங்கே நகத்தில் கம்பி படும். பக்கம் மாறித் தோண்டிப் பார்க்கும், அங்கும் கம்பி. ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டும் யோசனை அதற்கு வராது. அதனால் வலையை ஆழமாகப் புதைப்பதைவிட வெளிப்பக்கமாகப் படுக்க வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மணலில் ஆழக் கிடங்கு சரிந்து மூடும், கல்லுத்தரையில் வெட்டவே முடியாது. படுக்கும் வலைக்கு இரண்டு அங்குல மண்ணைச் சீவினால் போதும்.

தடித்த கம்பியை யூ வடிவில் வளைத்து ஓரடிக்கு ஒன்று அடித்து இறுக்குங்கள். மணலில் அந்த ஆப்பு ஓரடி நீளம் இருக்க வேண்டும், குறைந்தால் மழையில் எழும்பிவிடும். மேலே உடைந்த ஓடு, கல் என்று போட்டு மண்ணால் மூடுங்கள். புல் முளைத்து வலையைப் பின்னிப் பிடித்துக்கொண்டால் நல்லது. மூலையில் இரண்டு பக்கத்துப் பாவாடையும் விலகி ஒரு சதுரம் திறந்து கிடக்கும். அந்தச் சதுரத்துக்கு ஒட்டுப் போட மறந்த வேலிகளை நிறையப் பார்க்கலாம். தோண்டுகிற மிருகங்களும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுகின்றன.

உப்பு மண்ணில் இந்தப் பகுதி மேல் வலையை விட முதலில் போய்விடும். அதனால்தான் இரண்டு துண்டாகப் போடச் சொன்னேன். கீழ்த் துண்டை மட்டும் அவிழ்த்து மாற்றலாம்.

படலையும் மேல் மூடியும்

படலையின் அடியில் மண் வேண்டாம். கொங்கிறீட் கல் வரிசை ஒன்று வைத்து அதன் மேல் படலை ஆடட்டும், இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகாமல். உள்ளே திறக்கும்படி வைத்தால் கோழி தள்ளிக்கொண்டு ஓடி வராது. மரச்சட்டப் படலைக்குக் குறுக்குச் சட்டம் அடிப் பிணைச்சல் மூலையிலிருந்து மேல் கொண்டி மூலைக்குப் போக வேண்டும். மாற்றி அடித்தால் சில மாதத்தில் படலை தொங்கி நிலத்தில் உரசும். கொண்டி மேலும் கீழும் இரண்டு. ஒன்றே ஒன்று மேலே இருந்தால் நாய் கீழ் மூலையைத் தலையால் தள்ளி வளைத்துவிடும்.

பருந்துக்கும் காகத்துக்கும் மேலே பழைய மீன் வலை போதும். கரைவலை, படகு வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் கழித்த வலை கிடைக்கும். காற்று அதனூடாகப் போய்விடும், தூணுக்குப் பாரமில்லை. நடுவில் ஒரு இழுவைக் கம்பி ஓட்டி அதன் மேல் போடுங்கள். வெயிலில் நைலோன் உக்கும், ஆகவே அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆனால் மீன் வலையைப் பக்கச் சுவராகக் கட்டாதீர்கள். கீரி கடித்து அறுக்கும், பாம்பு சிக்கிக் கிடந்து செத்துப் போகும்.

தகரமோ தறப்பாளோ முற்றம் முழுவதும் போட்டு மூடுவதையும் நான் ஏற்கமாட்டேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் எங்கள் மாவட்டக் கரையால்தான் உள்ளே வந்தது. அப்படி ஒரு காற்றில் தறப்பாள் தூணையும் சேர்த்துப் பிடுங்கும். நிழலுக்கு ஒரு மூலையில் இரண்டு கிடுகு போதும்.

கோழியை விடுமுன்

நறுக்கின கம்பித் துண்டுகள் மண்ணில் கிடக்கும். மினுங்கும் எதையும் கோழி கொத்தி விழுங்கும். கம்பி இரைப்பையைக் குத்தும், நாகம் உடம்பில் ஏறி நஞ்சாகும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுவதும், பாவாடை ஓரம் உட்பட, குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். ஒட்டுவது நின்றபின் இன்னொரு தரம் இழுங்கள்.

மாரி முடிந்து மாசி பிறந்ததும் ஒருமுறை வேலியைச் சுற்றி நடவுங்கள். மேல் கம்பியைத் தட்டிப் பாருங்கள், அதிராவிட்டால் இரும்புத் துண்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குங்கள். உள்பக்கம் எருவும் ஈரமும் வலையில் ஒட்டிக் கிடந்தால் விலக்கிவிடுங்கள், அது உப்புக் காற்றைப் போலவே கம்பியை அரிக்கும். பாவாடை ஓரத்து மண்ணை நாலு இடத்தில் கையால் விலக்கிக் கம்பியை வளைத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் நாகம் இன்னும் தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடலாம். செம்பழுப்பாகி வளைக்கும்போது ஒடிந்தால், அந்தப் பக்கத்துக் கீழ்த் துண்டை அடுத்த ஐப்பசிக்கு முன் மாற்றிவிடுங்கள்.